வரைந்தவரும் இழுத்தவரும்

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் கட்டாயம் வரும். "மாடாய் உழைச்சேன் சார், என் பேர் எங்கேயாவது இருக்கா?" மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் இதைக் கேட்காமல் ஒரு பிரதோஷமும் போனதில்லை. இவர்களைத் திருவான்மியூர் குப்பம் பீச் ரோட்டில் இருக்கும் தாரா புக்ஸுக்கு ஒருமுறை கூட்டிப்போக எனக்கு ஆசை.

1994-இல் கீதா வொல்ஃப் தொடங்கிய பதிப்பகம் அது. அங்கே 2006-இல் வந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பருத்திக் கழிவில் செய்த கறுப்புக் காகிதம். அதன்மேல் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். எல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங், கையால் இழுத்தது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்; ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது. தைப்பதும் கையால்தான், பிரதிக்குப் பிரதி வரிசை எண் உண்டு. 'பழங்குடி ஓவியம்' என்று ஒரே வார்த்தையில் ஓவியர்களைக் கழற்றிவிடும் வழக்கம் இங்கே இல்லை; மூவர் பெயரும் இருக்கிறது. கூடவே, அச்சடித்துத் தைத்த சென்னைப் பட்டறையான ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸின் பெயரும்.

அச்சுக்காரர் வெறும் கூலிக்கு இழுப்பவர் என்று நினைக்கிறவர்கள் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். என் பீமரத சாந்திக்குத் தாம்பூலப் பை அடிக்கச் சேலையூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போயிருந்தோம். பேத்தி வரைந்த தேர்தான் படம். கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாப்பா, சக்கரத்துல இந்தக் கோடெல்லாம் ரொம்ப மெல்லிசு. மெஷ்ல மை இறங்காது. இறங்கினாலும் துணியில திட்டுத் திட்டாத் தெரியும்."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் ஒரு பழைய பையை எடுத்து, அப்படி வீணாய்ப் போன கோலம் ஒன்றைக் காட்டினார். அதற்குப் பிறகு அவளே உட்கார்ந்து, பன்னிரண்டு ஆரத்தை எட்டாகக் குறைத்துத் தடிப்பாகப் போட்டாள். தேர் முன்னைவிட எடுப்பாக இருந்தது. யார் வரைந்த தேர் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது? வயதானவர்கள் நாம் வீட்டில் யோசனை சொல்லும்போது அந்தப் பழைய பை மாதிரி எதையும் காட்டுவதில்லை, "அனுபவத்துல சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிறகு இழுக்க ஆரம்பித்தார். சட்டத்தை இறக்கி, மையை ஓரமாக விட்டு, ரப்பர் ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. அழுத்தம் கூடினால் மை கசியும், குறைந்தால் வெளிறும். இதையே ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தால்? தாராவின் முதல் கைவேலைப் புத்தகமான 'தி வெரி ஹங்ரி லயன்' மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு கனடா பதிப்பகம் 8,000 பிரதி கேட்டதாம். முதல் பிரதியை யாரும் ஒழுங்காகப் போட்டுவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தோள் வலிக்கும்போது போடுகிற பிரதியில்தான் ஆள் யாரென்று தெரியும்.

தாரா புக்ஸில் இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே தாளில் மேல்மேல் இழுப்பார்கள். சிங்கத்தின்மேல் மரம், மரத்தின்மேல் மீன் என்று கன்னாபின்னாவென்று கிடக்கும் அந்தத் தாள்களை நோட்டுக்கு அட்டையாகப் போட்டு, 'ஃப்ளூக்புக்' என்று விற்கிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

பெயர் வேண்டாம் என்று ஒதுங்குவதைப் பெரிய குணமாக நான் நினைக்கவில்லை. செய்த வேலைக்குப் பெயர் போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு நாமே போட்டுக் கொடுக்கலாம். பையின் அடியில் பேத்தி பெயரோடு உங்கள் கடைப் பெயரையும் சின்னதாகப் போடுங்கள் என்றேன் அவரிடம். ஸ்குவீஜியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு மட்டும் போட்டா எப்படிங்கய்யா? போன் நம்பரையும் சேர்த்துப் போட்டுடறேன்."