பரணில் உறங்கும் குரல்கள்

ரமணாசிரமம் பகுதியில் பழைய வீடுகள் மாடி வீடுகளாகவும் விடுதிகளாகவும் மாறிவருகின்றன. இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்யும்போது, பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே சில வீடுகளில் கறுப்பு இசைத்தட்டுகளும் தலைகாட்டும். "கிராமபோனே இல்லை, இது எதுக்கு? எடைக்குப் போட்டுடலாம்" என்பார் ஒருவர். தட்டோடு ஒரு குரலும் போய்விடும் என்பது அப்போது யாருக்கும் தோன்றாது.

கோயம்புத்தூர் தாயியை எடுத்துக்கொள்ளலாம். தேவரடியார் மரபில் வந்தவர். பதம், ஜாவளி பாடுவதில் பேர்பெற்றவர். வானொலி, பேசும் படம் வருவதற்கு முன்பே பாடியவர் என்பதால், அவர் குரலுக்கு இசைத்தட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. 1912-இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ், அந்தக் குரலில் சொக்கிப்போனார். தாயியின் இசைத்தட்டை வைத்தே 'ராகமாலிகா' என்ற படைப்பை உருவாக்கினார். மத்தள ஒலி வருவதற்காகப் பியானோவின் தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார்! மூன்று நிமிடப் பாட்டு கடல் கடந்து செய்த வேலை இது.

அந்தத் தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரப்பது. லண்டன், நியூயார்க் நடன அரங்குகளின் பேண்டு இசையும் இந்த அரக்கில்தான் பதிந்தது.

வீட்டில் தட்டு கிடைத்தால் சில விஷயங்கள் முக்கியம்:

* ஸ்பிரிட், சானிடைசர் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மென்மையான துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.
* ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், காகித உறையில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும்.
* திருவண்ணாமலை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் அடுப்பாகக் கொதிக்கும், தட்டு வளைந்துவிடும். காற்றோட்டமான கீழறையே நல்லது.
* எல்.பி. ரெக்கார்டுக்கான ஊசி இதற்கு ஆகாது. 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கென்றே உள்ள ஊசி வேண்டும்.

சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாக்கிறது. அவர்கள் அளவுக்குச் சேர்க்க எல்லோராலும் முடியாது. ஆனால், எடைக்குப் போடும் முன் லேபிளில் இருக்கும் பெயரைப் படித்துப் பார்க்கலாம். செல்போனில் படமெடுத்து விவரம் தெரிந்தவர்களிடம் காட்டலாம். அரக்குத் தட்டு கை தவறினால் கண்ணாடி போல உடையும். அதற்குள் பாட்டைப் பதிவு செய்துவிட்டால் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.