பிழையைக் காட்ட ஓர் ஆள்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள இன்று பாடங்களுக்குப் பஞ்சமில்லை. பைத்தான் மொழியை மட்டும் எடுத்துக்கொண்டாலே, யூடியூபில் தமிழில் முழுப் பாடத்தொடர்கள் இருக்கின்றன. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளைக் காசில்லாமல் கேட்கலாம். கணியம் மின்னிதழ் 2012இலிருந்து லினக்ஸ், பைத்தான், தரவுத்தளம் என்று தமிழிலேயே எழுதி வருகிறது. அதன் மின்னூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். இவ்வளவு இருந்தும், ஆர்வத்தோடு தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18இல் அவற்றில் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. நூறு பேரில் மூன்று பேர்!

பகலில் மென்பொருள் வேலை, மாலையில் இணையவழி பைத்தான் வகுப்பு என்று சில ஆண்டுகளாக நான் வாழ்ந்து வருகிறேன். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. எனக்குச் சம்பளமும் கிடையாது. வேறெங்கோ படிக்கத் தொடங்கி, விட்டுவிட்டு எங்களிடம் வருகிறவர்களிடம், "எந்த இடத்தில் விட்டீங்க?" என்று கேட்பது என் வழக்கம். பாடம் கஷ்டமாக இருந்தது என்று சொல்பவர்கள் குறைவு. "ஒரு எரர் வந்துச்சுண்ணா. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல. அப்படியே விட்டுட்டேன்" என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில். வீடியோவில் பாடம் நடத்துகிறவருக்கு நிரல் ஒழுங்காக ஓடிவிடுகிறது. பார்க்கிறவருக்கு ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று வீடியோவிடம் கேட்க முடியாது. கேட்க ஓர் ஆள் வேண்டும். தன்னார்வலரின் வேலை அந்த ஆளாக இருப்பது என்றே நான் நினைக்கிறேன்.

வருகிறவர்கள் பலவிதம். கலைக் கல்லூரியில் வணிகவியலோ தமிழோ படிக்கிற மாணவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குப் போக விரும்பும் பெண்கள், ஷிப்ட் முடித்துவிட்டு வரும் தொழிற்சாலை ஊழியர்கள். எல்லோரிடமும் லேப்டாப் இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு செயலியைப் போட்டுக்கொண்டு, பெருவிரலால் நிரல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமராவை யாரும் போடுவதில்லை. நாளுக்கு 1.5 ஜிபி டேட்டாவில் வீடியோவுக்கு இடமில்லை. டேட்டா இருந்தாலும், டிவி ஓடுகிற ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு முகம் காட்டிப் பேசப் பலருக்கும் தயக்கம். சாட்டில் எழுதுவார்கள். அதுவும் பலமுறை யோசித்து, அழித்து, மறுபடி எழுதி அனுப்பியது என்பது தெரியும்.

போனில் எழுதுகிறவர்களுக்கென்றே சில பிழைகள் உண்டு. வரியின் முதல் எழுத்தைப் போனின் கீபோர்டு தானாகவே கேப்பிடல் ஆக்கிவிடும். பிரிண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அப்படிப் பெரிதாகிவிட்டால், பைத்தானுக்கு அது வேறு பெயர். தெரியாத பெயர் என்று சொல்லி நேம் எரர் காட்டும். வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்த குறியாக வந்து சேர்ந்திருக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு முற்றிலும் வேறு. வரியின் முன்னால் ஓர் இடைவெளி கூடிவிட்டால் இன்டென்டேஷன் எரர். அனுபவப்பட்டவர் ஐந்து வினாடியில் பார்த்துவிடும் இந்தச் சில்லறைப் பிழைகளில்தான், முதல் வாரத்தில் ஒருவர் தங்குவதும் போவதும் முடிவாகிறது.

ஒரே அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன செய்வோம்? "கொஞ்சம் தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று கீபோர்டை நம் பக்கம் இழுத்துச் சரிசெய்துவிடுவோம். நிரல் ஓடும். எழுதியவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இணையவழி வகுப்பில் அடுத்தவர் கீபோர்டை நான் தொட முடியாது. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய கொடை. ஸ்கிரீன் ஷேரில் திரையைப் பார்க்கிறேன், பேசுகிறேன், அவ்வளவுதான். கை அவருடையதாகவே இருக்கிறது. ஆகவே பேச்சாலேயே அவரைப் பிழைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "கடைசி வரியைப் படிங்க." பைத்தான் பிழை காட்டும்போது 'ட்ரேஸ்பேக்' என்று தொடங்கிப் பல வரிகளைக் கொட்டும். ஆங்கிலத்தில், சிவப்பில், மொத்தமாக வரும் அதைப் பார்த்ததும் பலர் திரையை மூடிவிடுகிறார்கள். உண்மையில் செய்தி கடைசி வரியில் இருக்கிறது. எந்த வரியில் சிக்கல் என்பது அதற்கு மேலே இருக்கிறது. கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும் என்று சொன்னதும் பாதி பயம் போய்விடும். கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவரவர் தமிழில் பொருள் சொல்லச் சொல்வேன். பிறகு காத்திருப்பேன். அந்த மௌனம் நீளும்போது விடையைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டைச் சேர்ந்த ஒரு பெண் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். வீட்டுக் கணக்கு ஏதாவது ஒன்றை நிரலாக எழுதி வரச் சொல்லியிருந்தேன். காலையில் கறந்தது எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை என்று கேட்டு, இரண்டையும் கூட்டிச் சொல்லும் நிரலை அவர் எழுதியிருந்தார். காலை, மாலை என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பைத்தான் இதை அனுமதிக்கிறது. காலைக்கு 3, மாலைக்கு 2 என்று கொடுத்தார். திரையில் வந்தது 32.

"அண்ணா, முப்பத்திரண்டு லிட்டர்னு வருது. இருக்குறது ஒரு மாடு. எப்படிண்ணா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கூட்டலண்ணா. மூணையும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கு" என்றார். ஏன் என்றேன். "இது நம்பர்னு அதுக்குத் தெரியலையோ?"

அதேதான். இன்புட் வழியாக வருவது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொள்ளும். சரங்களைக் கூட்டினால் ஒட்டி வைக்கும். சரத்தை முழு எண்ணாக்கும், முந்தைய வகுப்பில் பார்த்த இன்ட்டை அவரே எடுத்துப் போட்டார். 5 வந்தது. மகிழ்ச்சியில் உண்மையான கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்: காலை 4.5. உடனே வேல்யூ எரர். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. கடைசி வரியைத் தானே வாய்விட்டுப் படித்துவிட்டு, "புள்ளி வச்ச நம்பர் இதுக்கு ஆகாது போல" என்று சொல்லிக்கொண்டே இன்ட்டை எடுத்துவிட்டு ஃப்ளோட் போட்டார்.

நிரலில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒன்று கூச்சல் போட்டு நின்றுவிடும். மற்றது சத்தமே இல்லாமல் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகும். முதல் வகையைக் கணினி கண்டுபிடித்துச் சொல்லும். இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்க, விடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் வேண்டும். ஒரு மாடு எவ்வளவு கறக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததால்தான் 32ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பாடநூலில் உள்ள பகா எண் பயிற்சியாக இருந்திருந்தால் அவர் கடந்து போயிருக்கக்கூடும். ஆகவே எல்லோரையும் அவரவர் கணக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன். சீட்டுக் கணக்கு, தையல் கூலி, கடைப் பாக்கி எதுவானாலும் சரி. நிரலாக்கத்துக்கு அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பது அப்போது அவர்களுக்கே தெரிகிறது.

நம் பள்ளிக்கூடங்களில் சிவப்பு மை என்றால் மதிப்பெண் போயிற்று என்று பொருள். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்குத் திரையின் சிவப்பு எழுத்தும் அவமானமாகவே படுகிறது. 1967இல் குழந்தைகளுக்கான லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சைமோர் பேப்பர்ட். 1980இல் வந்த தன் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் அவர் இதைப் பற்றித்தான் பேசினார். நிரல் முதல் முயற்சியில் சரியாக வருவது அபூர்வம். அங்கே கேட்க வேண்டியது சரியா தப்பா என்பதல்ல, சரிசெய்ய முடியுமா என்பது. இந்த மனநிலை ஒருவருக்கு வாய்த்துவிட்டால் மற்றதை அவரே படித்துக்கொள்வார்.

முகம் தெரியாத வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எப்படி அறிவது? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது அண்ணா" என்றுதான் எழுதுவார்கள். அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. ஒரு சிறு நிரலைத் திரையில் காட்டி, ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று சாட்டில் எழுதச் சொல்வேன். ரேஞ்சுக்கு 1, 5 என்று கொடுத்து லூப் எழுதினால் 1 முதல் 4 வரைதான் வரும். 5 வரை வரும் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவேன். ஏன் 4இல் நின்றது என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் தொடங்கும். முன்கூட்டிச் சொல்லிப் பார்த்துத் தவறியது எளிதில் மறக்காது. இதே தேவைக்கு வேறொரு வழியும் உண்டு. 1998இல் தொடங்கி, ஆராய்ச்சியாளர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டே நிரலாக்கம் சொல்லித்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி அமைப்பில், மாணவர்கள் இரண்டு நிற ஒட்டுத்தாள்களை வைத்திருப்பார்கள். முடிந்தால் ஒரு நிறம், உதவி வேண்டுமென்றால் இன்னொன்று. வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு இடம் தர வேண்டும் என்பதே இந்த இரண்டு வழிகளிலும் உள்ள அக்கறை.

தமிழில் சொல்லித்தரும்போது வேறெங்கும் வராத கேள்விகள் வருகின்றன. சரத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் லென் என்ற செயற்கூற்றைச் சொல்லிக்கொடுத்த அன்று, ஒரு கல்லூரி மாணவர் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தார். விடை 5. "மூணு எழுத்துதானே அண்ணா?" என்றார். யுனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு இடம். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு இடம். தகரத்தோடு சேர்த்து ஐந்து. சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் அநாதையாக நிற்கும். இகரக் குறி ழகரத்தோடு ஒட்டிக்கொண்டு 'ழி' ஆகிவிடும். இப்படிப்பட்ட சிக்கல்களுக்காகவே முத்து அண்ணாமலையும் மற்றத் தன்னார்வலர்களும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக எண்ணினால் மூன்று வரும். அந்த மாணவர் அன்றே அந்த நூலகத்தின் மூலநிரலைத் திறந்து படிக்கத் தொடங்கினார். தன் மொழிக்கான நிரலைத் தன்னைப் போன்ற ஒருவர் எழுதியிருக்கிறார், தானும் அதில் கைவைக்கலாம் என்பது அவருக்கு வேலை வாய்ப்பைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

இப்போது சாட்ஜிபிடி இருக்கிறதே, பிழையை அதில் ஒட்டினால் திருத்தித் தந்துவிடுமே, ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். திருத்தித் தரும், உண்மைதான். நள்ளிரவில் தனியாகத் தவிக்கிறவருக்கு அது துணை என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொள்கிறவரின் வேலையைத்தான் அது பெரும்பாலும் செய்கிறது. அப்படி வாங்கிய நிரலைக் கொண்டுவருகிறவரிடம், "ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்பேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறுவார். அங்கிருந்து வகுப்பைத் தொடங்குகிறோம். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது எதிரில் இருப்பவரை அறிந்தவருக்குத்தான் தெரியும்.

இலவச வகுப்பு என்பதால் ஆசிரியர் தன் விருப்பப்படி நடத்தலாம் என்று பொருளில்லை. ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறவர்களின் நேரம் அது. வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்ட கேள்விக்கு அன்றைக்குள் யாராவது பதில் தர வேண்டும். தனியாள் இதையெல்லாம் தாங்க முடியாது, குழு வேண்டும். 2020இல் கரோனா ஊரடங்கின்போது ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் பீச், மெஹ்ரான் சஹாமி இருவரும் 'கோட் இன் பிளேஸ்' என்ற இலவச வகுப்பை நடத்தினார்கள். படித்தவர்கள் 10,000 பேருக்கு மேல். அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து நடத்திய தன்னார்வலர்கள் 900 பேருக்கு மேல். ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர். விரிவுரையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம், கவனத்தை அப்படிக் கொடுக்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எங்கள் குழுவிலும் சொல்லித்தருகிறவர்களில் சிலர் முன்பு இங்கேயே படித்தவர்கள். பால் கணக்கு எழுதிய பெண் இப்போது புதிதாக வருகிறவர்களின் சாட் கேள்விகளைப் பார்த்துக்கொள்கிறார். என்னைவிட அவரிடம் பலர் தாராளமாகக் கேட்கிறார்கள். எந்த இடத்தில் பயம் வரும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக இன்னொரு பாடத்தொடரைப் பதிவு செய்யக் கிளம்ப வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற வீடியோவையே அவர்கள் பார்க்கட்டும், இருக்கிற மின்னூலையே படிக்கட்டும். பிழையோடு வரும்போது கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். அவர்களில் ஒருவரையாவது அடுத்த ஐந்து பேருக்குப் பொறுப்பாக்கும்வரை உங்கள் வேலை முடியவில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.