பனியன் துணியும் பாரிஸ் பட்டணமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (வேதியியல்) மாணவி

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது மற்றொன்று. முன்னது ஆடைக்கு மதிப்புத் தருகிறது. பின்னது அணிபவரின் அக்கறைக்கு மதிப்புத் தருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டுதான் என்னைப் போன்ற மாணவியர் ஒவ்வொரு காலையும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிறோம். இந்நிலையில், பாரிஸ் பட்டணத்து ஆடைக் கலைஞர்கள் பருவந்தோறும் வெளியிடும் தொகுப்புகளைப் பார்த்து என் உடைப் பாங்கை அமைத்துக்கொண்டேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். 'அங்கே ஒரு கவுன் விற்கும் விலையில் உன் மூன்றாண்டுப் படிப்பே முடிந்துவிடுமே!' என்று கேட்கவும் கூடும். உண்மைதான். ஆனால் வாங்குவதற்குத்தான் பணம் வேண்டும். பார்த்துக் கற்பதற்குக் கண்ணும் பொறுமையும் போதும்.

என் தந்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாயார் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்குப் பருவம் வானத்தைப் பார்த்து வருவதில்லை; ஆர்டரைப் பார்த்து வருகிறது. ஐரோப்பியர் கோடையில் அணியப்போகும் சட்டைகளை நம்மவர் மார்கழிக் குளிரில் தைத்துக்கொண்டிருப்பார்கள். அந்நாட்களில் அப்பா ஒன்றரை ஷிப்ட் முடித்து, கண் சிவந்து வீடு திரும்புவார். இத்தனை அவசரம் யாருக்காக? அந்தப் பருவத்தை முடிவு செய்பவர் யார்? இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

தேடிப் படித்தபோது ஒரு வரலாறு கிடைத்தது. முன்னாளில் செல்வச் சீமாட்டிகள் தையற்காரரை வீட்டுக்கு அழைத்து, 'இப்படித் தை' என்று ஆணையிடுவார்களாம். அந்த வழக்கத்தை மாற்றியவர் சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர். 1858ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் சொந்த நிலையம் தொடங்கிய அவர், தாமே உடைகளை வடிவமைத்தார். அவற்றை உயிருள்ள பெண்களுக்கு அணிவித்து நடக்கச் செய்து காட்டினார். ஆணையிட்டவர்கள் அன்றுமுதல் பார்வையாளர்கள் ஆனார்கள். இன்று நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களிலும் ஆண்டுக்கு இருமுறை ஆயத்த ஆடைத் தொகுப்புகள் அரங்கேறுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் காட்டுவது அடுத்த ஆண்டின் இளவேனிலுக்கும் கோடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவது வரவிருக்கும் இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும். அங்கே மேடையில் காணும் நிறமும் வடிவும் மலிவு வடிவம் பெற்று, ஆர்டர் தாளாகி, எங்கள் ஊர்ப் பக்கமும் வந்து சேர்கின்றன.

இந்நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் எவரும் காசின்றிப் பார்க்கலாம். முதல் முறை பார்த்தால் மயக்கம்தான் வரும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். தோள் எங்கே முடிகிறது, இடை எங்கே தொடங்குகிறது, கையின் நீளம் எவ்வளவு, நிறங்கள் எத்தனை ஆகிய நான்கையும் செய்முறை ஏட்டில் எழுதுவதுபோல் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். நாற்பது, ஐம்பது உடைகள் வந்துபோனாலும் அவற்றுக்குள் இருக்கும் கருத்து ஒன்றோ இரண்டோதான். அந்தக் கருத்துக்கு விலைச்சீட்டு கிடையாது. அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய தொகுப்புகளைப் படித்தபோது என்னை முதலில் நிமிர்ந்து உட்காரச் செய்தவர் கோகோ ஷனெல். 1883இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தாயை இழந்து, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். 1913இல் டோவில் என்னும் கடற்கரை ஊரில் கடை திறந்தார். முதல் உலகப் போர் மூண்டது. நல்ல துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அவர் கையிலெடுத்தது ஜெர்சி என்னும் பின்னல் துணி. ஆண்களின் உள்ளாடைக்குத்தான் அது அந்நாளில் பெரிதும் பயன்பட்டது. ஜெர்சி என்றால் வேறென்ன, நண்பர்களே? நம் ஊர்ப் பனியன் துணிதான்! அந்த எளிய துணியைச் சீமாட்டிகள் விரும்பி அணியும்படி செய்தார் அவர். அது உடலை இறுக்காமல் வளைந்து கொடுத்தது. கைவீசி நடக்க விட்டது.

இதைப் படித்த அன்று என் வீட்டை நானே புதிதாகப் பார்த்தேன். எங்களிடம் இல்லாத துணிகள் பல. இருக்கும் துணி பனியன் துணி ஒன்றுதான். காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய துணியை எடைக்கு எடுத்தோம். கருநீலம், சாம்பல், வெள்ளை என மூன்று நிறங்கள், பூவில்லை, எழுத்தில்லை. முழங்கால்வரை நீளும் மூன்று மேல்சட்டைகளை அப்பா வெட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஓவர்லாக் அடித்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாக அவற்றையே மாற்றி மாற்றி அணிகிறேன். 'அதே சட்டை' என்று யாரும் சொல்வதில்லை. 'அது அவள் பாணி' என்கிறார்கள்.

அடுத்தவர் ஜப்பானியரான ரேய் கவாகுபோ. 1981இல் பாரிசில் தம் தொகுப்பை முதன்முதலாகக் காட்டியவர். 1982ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொகுப்பில், ஆங்காங்கே ஓட்டை விழுந்த கறுப்புக் கம்பளிச் சட்டை ஒன்றைக் காட்டினார். பின்னும் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி, வேண்டுமென்றே உண்டாக்கிய ஓட்டைகள் அவை. பழுதற்ற துணியைத் தள்ளும் இயந்திரத்திடம் மனிதக் கையின் அடையாளத்தைத் தேடிய முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். நாள் முழுதும் விளக்கடியில் நின்று ஓட்டை தேடுவதுதானே அவர் வேலை!

"ஏங் கண்ணு, இந்த ஓட்டைக்குத்தான் நாங்க பீஸை ரிஜெக்ட்டுல போடறோம். அங்க இதுக்குக் கை தட்டறாங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதையே நாம போட்டுட்டு வெளிய போனா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். செல்வர் உடையில் ஓட்டை இருந்தால் அது கலை. ஏழை உடையில் இருந்தால் அது ஏழ்மை. எந்தப் பருவத் தொகுப்பும் இந்த வேறுபாட்டை அழித்துவிடவில்லை. ஆகவே ஓட்டையை நான் நகல் எடுக்க இயலாது. ஆனால் 'மறைக்காதே, எண்ணிச் செய்' என்னும் கருத்தை எடுத்துக்கொள்ள இயலும். என் சாம்பல் நிறச் சட்டையில் தோளருகே சிறு ஓட்டை விழுந்தபோது, அதே நிற நூலால் மறைக்காமல், சிவப்பு நூலால் நெருக்கமாக இழையோட்டினேன். சிறு சிவப்புக் கோடு போல் அது நிற்கிறது. ஆய்வகத்தில் தோழியர் இருவர் 'இதை எங்கே வாங்கினாய்?' என்று கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். மறு ஞாயிறு அவரும் தம் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கும் செவப்பு நூல் போடு" என்றார்.

மூன்றாமவர் ஈவ் சான் லோரான். ஆண்கள் மாலை விருந்துக்கு அணியும் கறுப்புக் கோட்டையும் காற்சட்டையையும் 1966ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொகுப்பில் பெண்களுக்கென அமைத்தார். காற்சட்டை அணிந்த பெண்களை உள்ளே விட மறுத்த உணவு விடுதிகள் மேலைநாடுகளில் இருந்த காலம் அது. ஆண் உடையின் மிடுக்கைப் பெண் உடலின் அளவுக்குத் திருத்தியதுதான் அவர் செய்த வேலை. அப்பாவின் வெள்ளை முழுக்கைச் சட்டை காலர் தேய்ந்து ஒதுங்கியபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. அப்பா சுண்ணக்கட்டியை எடுத்துக் கோடிட்டார். "அம்மிணி, தோளு சரியா உக்காந்தாத்தான் மத்ததெல்லாம் உக்காரும்" என்று தோளை மட்டும் மூன்று முறை அளந்தார். சென்ற ஆண்டு துறைக் கருத்தரங்கில் நான் முதன்முதலாக மேடையேறிப் பேசியபோது அணிந்திருந்தது அந்தச் சட்டைதான்.

இவ்வளவு புகழ்ந்த நான் இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பருவந்தோறும் புதிது வேண்டும் என்ற தாகத்தை மேடைகள் மூட்டுகின்றன. அந்தத் தாகத்தை மலிவாகத் தணிக்கும் சுமை எங்களைப் போன்ற வீடுகளின் தோளில் விழுகிறது. வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சாவரில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் தையல் தொழிலாளரை உள்ளே அனுப்பினார்கள். திருப்பூரிலோ, நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வேதியியல் படிக்கும் எனக்கு அந்தச் சாயங்களின் கட்டமைப்பைத் தாளில் வரையத் தெரியும். அவை ஆற்றில் ஓடினால் என்னவாகும் என்பதும் தெரியும். எனவே தொகுப்புகளைப் பார்க்கும்போது எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு கருத்து; அதுவும் வீட்டில் இருக்கும் துணியில் செய்ய முடிந்தால் மட்டும்.

'படிக்கிற பிள்ளைக்கு அலங்காரம் எதற்கு?' என்று பெரியோர் கேட்பர். பிறர் கொடுத்ததையும் மலிவாகக் கிடைத்ததையும் அணிந்தே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். 'இது நானே தேர்ந்தது' என்று சொல்லக்கூடிய ஒரு பொருள் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டையில் பழகியவள், நாளை வேலையிலும் வாழ்விலும் அதைக் கேட்கத் தயங்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

உடையை நினைத்துக் கூசி, வகுப்பில் கடைசி இருக்கையைத் தேடும் முதலாமாண்டுத் தங்கையர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சொல்: புதுத்துணிக்குக் காத்திராதீர்கள். உள்ள துணியின் தோளை அளந்து பாருங்கள். ஒரு நிறத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஊசியும் நூலும் எடுங்கள். பிறகு முன்வரிசையில் வந்து அமருங்கள்.