ஈரல் என்னும் அமானிதம்

அச்சம் மேலிட்டால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். பிள்ளையின் துயரைக் காணும் தாய் தன் ஈரக்குலை பதறுகிறது என்கிறாள். காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உருது பேசும் குடும்பங்களில், பெற்ற பிள்ளையை 'ஜிகர் கா டுக்டா', அதாவது ஈரலின் துண்டு, என்று கொஞ்சுவதை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். வாய்ச்சொல்லாக இருந்த இவ்வுவமை நம் வாழ்நாளிலேயே மெய்ச்செயலாக மாறிவிட்டது. தன் ஈரலின் ஒரு துண்டைப் பிள்ளைக்குக் கொடுத்து, இருவரும் நலமுடன் வாழும் காட்சியை இன்று நம்மிடையே காண்கிறோம்.

எம் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் கோயிலூர். காஞ்சிப் பட்டின் ஓசை இப்பகுதிச் சிற்றூர்களிலும் கேட்கும். 1998ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்துக் குழந்தையொன்றுக்கு டெல்லி இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில் ஈரல் மாற்றப்பட்ட செய்தி வந்தபோது, எம் பகுதியில் அதைப் பேசாத திண்ணை இல்லை. அக்குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பித்தநீர் இறங்கும் குழாய் பிறவியிலேயே அடைபட்டிருந்ததால் ஈரல் கெட்டுப்போயிருந்தது. தந்தையே தம் ஈரலின் ஒரு பகுதியை வழங்கினார். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் ஈரல் மாற்று என்று மருத்துவ உலகம் அதனைக் குறித்து வைத்திருக்கிறது. அக்குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, மருத்துவராகவே ஆகிவிட்டது என்பது எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தியாகும்.

இந்த நிலைக்கு வந்து சேர மருத்துவம் நடந்த வழி முட்பாதை. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்பார் 1963 மார்ச் முதல் நாள் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு முதன்முதல் ஈரல் மாற்ற முயன்றார். குருதிப்போக்கைத் தடுக்க இயலாமல் அறுவை மேசையிலேயே அக்குழந்தை இறந்தது. அவரிடம் முதலில் மாற்றுப் பெற்ற ஐவருள் ஒருவரும் ஒரு மாதங்கூட வாழவில்லை. அவர் பணியை நிறுத்தி, மீண்டும் ஆய்வுக்கூடம் சென்று, 1967ஆம் ஆண்டில் திரும்பி வந்து வெற்றி கண்டார். மறு ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் இப்பணியைத் தொடங்கினார். அயலுறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பரவிய பின்னரே, ஈரல் மாற்று என்பது சோதனை நிலையைக் கடந்து சிகிச்சை என்னும் தகுதியைப் பெற்றது.

இவ்வரலாற்றில் நம் தமிழ் முஸ்லிம் சமுதாயத்தைச் சார்ந்த ஒருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் டாக்டர் முகமது ரேலா. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள கிளியனூரில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் புகழ்பெற்ற ஈரல் பிரிவில் சேர்ந்தார். 1997ஆம் ஆண்டில், பிறந்து ஐந்தே நாளான ஒரு பெண் குழந்தைக்கு ஈரல் மாற்றிய சாதனைக்காக அவர் பெயர் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. ஏடுகள் அதனைப் பெரிதாக எழுதின. ஆயினும், சாதனை நூலில் ஏறிய அந்த ஒரு நாளைவிட, அதற்கு முன்னும் பின்னுமாக அவரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வுகளே நம் நெஞ்சை அதிகம் கவர்கின்றன.

ஆய்வுக்கு வித்திட்டது எளிய கேள்விதான். வளர்ந்தவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. பச்சிளங் குழந்தையின் வயிற்றில் அது எவ்வாறு அடங்கும்? ஈரல் ஒரே கட்டிபோல் தோன்றினாலும், தனித்தனிக் குருதிக்குழாய் கொண்ட எட்டுக் கூறுகளாக அமைந்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் குயினோ 1950களில் விளக்கியிருந்தார். அப்படியாயின் ஒரு கூறை மட்டும் பிரித்துக் குழந்தைக்கு வைக்க இயலுமன்றோ? ஓர் ஈரலை இரண்டாகப் பிரித்து, சிறுபகுதியைக் குழந்தைக்கும் பெரும்பகுதியைப் பெரியவர்க்கும் வைத்தால் ஒருவர் கொடையில் இருவர் வாழலாமன்றோ? 1988இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிக்ல்மைர் தொடங்கி வைத்த இந்தப் பிரிவினை முறையைக் கிங்ஸ் குழுவினர் வளர்த்துச் செம்மை செய்தனர். ஒற்றைக் கூறு மாற்று குறித்தும் 1990களின் இறுதியில் ஆய்வுரை வெளியிட்டனர்.

அவற்றினும் வியப்பானது துணை ஈரல் முறை. நச்சுப் பொருளாலோ கடும் காமாலையாலோ நேற்றுவரை நலமாயிருந்த ஈரல் சில நாட்களில் செயலிழந்து போவதுண்டு. நம் தமிழ்நாட்டில் எலிப்பசையை உண்டு இந்நிலைக்கு ஆளாவோர் பலர் என்பது வேதனைக்குரியது. அத்தகையோரின் ஈரலை முழுமையாக எடுத்தெறியாமல், ஒரு பகுதியை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் கொடையீரலின் துண்டைத் துணையாக வைப்பர். சொந்த ஈரல் துளிர்த்து எழுந்ததும் மாற்றுறுப்பைக் காக்கும் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிடுவர். வேலை முடிந்த துணை ஈரல் தானே சுருங்கிப்போகும். இருபது குழந்தைகளுக்கு இவ்வாறு செய்து, கிங்ஸ் குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் பிழைத்ததையும், பிழைத்தோருள் பலர் மருந்தே வேண்டாத நிலையை அடைந்ததையும் காட்டினர். வாழ்நாள் முழுதும் மருந்துக்கு அடிமையாக வேண்டிய குழந்தைக்கு விடுதலை அளிக்கும் ஆய்வு இது.

எம் பகுதி நெசவாளருக்கு இப்பணியின் நுட்பம் எளிதில் விளங்கும். தறியில் பழைய பாவு முடியும்போது புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு பிணைப்பார்கள். ஓரிழை தவறினாலும் புடவையில் வழு தெரிந்துவிடும். ஈரல் மாற்றுவோரும் நாளங்களையும் பித்தக் குழாயையும் மெல்லிழையால் அவ்வாறே இணைக்கின்றனர். குழந்தையின் நாடி சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அங்கு வழு நேர்ந்தால் போவது உயிர்.

ரேலா 2009ஆம் ஆண்டில் சென்னையில் ஈரல் மாற்றுப் பணியைத் தொடங்கினார். 2018இல் குரோம்பேட்டையில் அவர் பெயரிலேயே மருத்துவ நிலையம் எழுந்தது. கடல் கடந்து கற்ற கல்வி பிறந்த மண்ணுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

ஈரல் அறுவையில் தேர்ந்தவரே கணையத்தையும் கையாள்வது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையத்தின் தலைப்பகுதி வழியாகவே பித்தக் குழாய் குடலைச் சேர்கிறது. ஈரலுக்குச் செல்லும் பெருநாளமும் கணையத்தை ஒட்டியே உருவாகிறது. அங்கே புற்று தோன்றி நாளத்தைப் பற்றிக்கொண்டால், நாளத்தையும் வெட்டி மீண்டும் இணைக்க வேண்டிவரும். ஈரல் மாற்றில் பயின்ற கை இங்கே பயன் தருகிறது.

இந்நோயின் கொடுமையை நாம் வீட்டிலேயே கண்டோம். எம் தாய்மாமா காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து வந்தவர். அறுபது வயதில் கண் மஞ்சளாயிற்று. வலியென்பது சிறிதும் இல்லை. உடலெங்கும் அரிப்பு, சிறுநீர் அடர்ந்த நிறம், மலம் வெளுத்துப் போயிற்று. ஆறு மாதம் முன்புதான் சர்க்கரை நோய் புதிதாகத் தலைகாட்டியிருந்தது. 'காமாலைதானே' என்று பெரியவர்கள் கீழாநெல்லி கொடுத்தனர், பத்தியம் வைத்தனர், ஊர் ஊராகச் சென்று மந்திரித்து வந்தனர். இரண்டு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது கணையத்தின் தலையில் கட்டி வளர்ந்து, நாளங்களைச் சூழ்ந்து, ஈரலிலும் பரவியிருந்தது. பித்தம் வடியக் குழாய் வைத்ததில் அரிப்பு நீங்கியது. நான்கு மாதத்தில் ஜனாஸாவைச் சுமந்தோம். முன்னரே சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதிகூற எவராலும் இயலாது. ஆனால், அறுவை செய்யலாமா என்று கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவருக்கு வாய்க்காமற் போயிற்று என்பதே எம் துயரம்.

இந்நோய் வந்தவருள் ஐவரில் ஒருவர் அளவுக்கே அறுவைக்கு ஏற்ற நிலையில் கண்டறியப்படுகின்றனர். அமெரிக்கர் விப்பிள் 1935இல் வெளியிட்ட முறையே இன்றுவரை அடிப்படை. ஒருகாலத்தில் அவ்வறுவையால் நால்வரில் ஒருவர் இறந்தனர். இன்று அனுபவமிக்க நிலையங்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. அறுவைக்குப்பின் மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து ஆராய்ந்த பிரெஞ்சு, கனடா மருத்துவர்கள், சராசரி வாழ்நாள் 35 மாதங்களிலிருந்து 54 மாதங்களாக உயர்ந்ததை 2018இல் அறிவித்தனர். வளர்ச்சி மெதுவானதுதான், ஆனால் வளர்ச்சியே. ஆகவே, வலியில்லாத காமாலையை எளிதாக எண்ண வேண்டாம். நடுவயதுக்குமேல் திடீரெனச் சர்க்கரை தோன்றி உடல் மெலிந்தால் காரணம் தேடுங்கள். புகைப்பழக்கத்தை விடுங்கள். பச்சிளங் குழந்தையின் மலம் வெளுத்திருந்தால் ஒரு வாரமும் தாமதிக்க வேண்டாம். பித்தக் குழாய் அடைப்புக்குரிய அறுவையை இரண்டு மாதத்துக்குள் செய்வதே சிறப்பு.

இனி, நம் குடும்பங்களில் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் வினாவுக்கு வருவோம். உடல் இறைவனின் அமானிதம். அதிலிருந்து கொடுக்க நமக்கு உரிமையுண்டா? எம் உறவில் ஒரு தாய் தன் மகனுக்கு ஈரல் தர முன்வந்தபோது, இக்கேள்வியோடு மூன்று நாள் வீடே உறங்கவில்லை. உலக ஃபிக்ஹ் பேரவை 1986இல் அம்மானில் கூடி, மூளைச் சாவை மரணமாக ஏற்கலாம் என்றது. 1988இல் ஜித்தாவில் கூடி, கொடுப்பவர் உயிருக்கு ஆபத்தில்லாத நிலையிலும், இறந்தவரிடமிருந்து அவரோ வாரிசுகளோ இசைந்த நிலையிலும் உறுப்பு மாற்றை ஆகுமானதாக்கியது. விற்பனையை முற்றாகத் தடுத்தது. நம் உபகண்டத்து உலமாக்களிடையே, குறிப்பாக இறந்தபின் கொடுப்பது பற்றி, கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. தம் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் ஒருசேரக் கேட்டறிவதே தக்கது.

கொடுப்பவருக்கும் இடர் உண்டு. வலப்பகுதி கொடுப்போருள் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் இறப்பதாகக் கணக்கிடுகின்றனர். மிகுதி ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்பதும் உண்மை. இரண்டையும் அறிந்து, எவரும் வற்புறுத்தாமல் எடுக்கும் முடிவே கொடையாகும். மருமகளைக் கண்ணீரால் நெருக்குவது கொடையாகாது. எம் உறவுக்காரத் தாய் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, ஒரே சொல் சொன்னாள்: "அவன் என் ஈரல்தானே, மாமா." இன்று மகன் பள்ளிக்குச் செல்கிறான்.

2008ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச் சாவடைந்த தம் மகனின் உறுப்புகளை வழங்கினர். அதன்பின் தமிழ்நாட்டில் இக்கொடை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அந்தப் பெற்றோரின் கொடையால் வாழ்ந்தோர் இன்ன சமயத்தார் என்று எவரும் கேட்கவில்லை. பெறுவதில் தயங்காத நாம், கொடுப்பதைப் பற்றி வீட்டில் அமர்ந்து பேசவாவது முன்வர வேண்டாமா?

மருந்து தேடுவது நபிவழி. உயிர் காப்பதன் மாண்பைத் திருமறை எத்துணை உயர்த்துகிறது என்பதை நாமறிவோம். கிளியனூரிலிருந்து ஒருவர் புறப்பட்டு ஈரல் நூலில் ஒரு பக்கத்தை எழுத முடிந்ததென்றால், மாகறலிலும் மற்ற ஊர்களிலும் அடுத்த பக்கத்தை எழுதவல்ல பிள்ளைகள் இருக்கவே செய்வர். அவர்களைப் படிக்க வைப்போம். நோயுற்றோருக்கு நிறைந்த நலத்தையும், கொடுத்தோருக்கு நீண்ட ஆயுளையும் வல்ல நாயன் அருள்வானாக!