கூடல் மாநகரில் ஒரு கடன்

“மதுரையில் எவற்றைக் காணலாம்? எங்கே உண்ணலாம்?” வெளியூர் அன்பர் பலர் என்னிடம் கேட்கும் வினாக்கள் இவை. தமிழாசிரியனாக அந்நகரில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் யான். ஆதலின் மகிழ்ந்தே விடை கூறுவேன்.

முதற்கண், நடந்து செல்லுங்கள் என்பேன். நகரின் நடுவே மீனாட்சியம்மன் கோயில் விளங்குகின்றது. அதன் மதிலுக்குள்ளே ஆடி வீதிகள். மதிலைச் சூழ்ந்து சித்திரை வீதிகள். அவற்றுக்கு அப்பால் ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள். கோபுரத்தை நோக்கி நடப்பவர் வழி தவறுதல் அரிது. காலையில் கோயிலைக் கண்டபின், தென்கிழக்கே திருமலை நாயக்கர் மகாலுக்குச் செல்லலாம். 1636ஆம் ஆண்டில் எழுந்த அம்மாளிகையின் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. ஆயினும் அதன் பெருந்தூண்களின் அருகே நிற்பவர் வியவாதிரார். மேல மாசி வீதியில், 1921இல் காந்தியடிகள் அரையாடை பூண்ட இல்லம் உள்ளது. வைகையின் வடபால், தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் உயிர்துறந்தபொழுது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடை வைக்கப்பட்டுள்ளது. அரையாடை பூண்ட நகரிலேயே அவ்வாடையையும் காண்பவர் நெஞ்சம் கலங்கும்.

பசித்தால் பருத்திப்பால் பருகலாம். பருத்தி விதையை அரைத்துப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் கூட்டிக் காய்ச்சுவர். இரவில், தெருவோரக் கடைகளில் ஆவி பறக்கும் இட்டலி கிடைக்கும். இதனைச் சொல்லும்பொழுது மட்டும் என் குரல் சற்றே தாழும். காரணம் இது.

1981ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடைபெற்றது. அப்பொழுது இருபது வயதினனாகிய யான், சிற்றூரிலிருந்து தனியே வந்தேன். கூட்ட நெரிசலில் பணப்பையை இழந்தேன். இரவில், மாசி வீதியை அடுத்த சந்து ஒன்றில், இட்டலிக் கடை எதிரே வெகுநேரம் நின்றேன். கடைக்குரிய மூதாட்டியார் என் முகத்தை உற்று நோக்கினார். “ஏனப்பா நிற்கிறாய்? உட்கார்ந்து சாப்பிடு. காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இலையிட்டார். உண்டு முடித்ததும், ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணமும் தந்தார். “அடுத்த மாதம் கொண்டுவந்து தருகிறேன், அம்மா” என்றேன். “நல்லா இரு, தம்பி” என்றார்.

அடுத்த மாதம் யான் செல்லவில்லை. தேர்வு வந்தது, பின்னர் வேலை தேடும் கவலை வந்தது. ஈராண்டு கழித்து, ஆசிரியப் பணியேற்று மதுரைக்கு வந்த பின்னரே அச்சந்தினைத் தேடிச் சென்றேன். அங்கே பூட்டுக் கடை ஒன்று இருந்தது. “அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்த ஊரென்று தெரியாது” என்றார் கடைக்காரர். பெயரை வினவினேன். “இட்டலிக்கார அம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்” என்றார்.

மாளிகை எழுப்பிய மன்னர் பெயரும் ஆண்டும் அறிந்திருந்தேன். பசித்த வேளையில் எனக்கு உணவிட்டவர் பெயரை அறியேன். தலை குனிந்து திரும்பினேன். இன்றும் அவ்வழியே நடக்கும்பொழுதெல்லாம், ஏதேனும் கடை எதிரே எவரேனும் தயங்கி நிற்கின்றனரா என்று பார்த்துக்கொண்டே செல்கின்றேன். சிலருக்கு உணவு வாங்கித் தந்ததும் உண்டு. எனினும் அம்மூதாட்டியார்க்குப் பட்ட கடன் தீர்ந்ததாக என் மனம் ஒப்பவில்லை.

மாணவர்களே! நீங்களும் மதுரைக்குச் செல்லுங்கள். கோயிலையும் மகாலையும் கண்டு மகிழுங்கள். உண்ணும் இடத்தில் உணவிடுவோர் பெயரையும் கேட்டறியுங்கள். பட்ட கடனை மட்டும் நாளைக்கென்று தள்ளி வையாதீர்கள்.