நாணயத்தில் நம் மொழி

திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன், சிங்கப்பூரில் உழைக்கும் தன் சிற்றப்பா தந்த ஒரு வெள்ளி நாணயத்தை என் மேசைமீது வைத்தான். உற்று நோக்கினாலன்றித் தெரியாத சின்னஞ்சிறு எழுத்துகள். நோக்கினேன், 'சிங்கப்பூர்' என்று தமிழ் சிரித்தது!

"நம் நாட்டுக் காசிலே தமிழ் இல்லையே ஐயா, அங்கே மட்டும் எப்படி?" என்றான்.

எப்படி? ஓராண்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1965!

அவ்வாண்டு இங்கு நடந்ததைத் தோழர்கள் அறிவர். சனவரி 26, இந்தி ஆட்சிமொழி அரியணை ஏறும் நாள். அன்று கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்தனர். அதே 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். மொழியைக் காக்க உடலை எரித்துக்கொள்ள வேண்டியிருந்தது, தமிழன் தன் சொந்த மண்ணிலே!

கடல் கடந்த சிங்கப்பூருக்கும் அவ்வாண்டு கொடியதே. மார்ச்சு 10இல் இந்தோனேசியர் வைத்த வெடிகுண்டு மெக்டொனால்டு மாளிகையில் மூவரை மாய்த்தது. ஆகசுட்டு 9இல் மலேசியா அத்தீவைப் பிரித்து வெளியேற்றியது. தொலைக்காட்சியின் முன் கண்ணீர் விட்டார் லீ குவான் யூ. மக்கள் ஏறத்தாழ 19 இலட்சம். அவருள் முக்கால் பங்கினர் சீனர். இந்தியரோ பத்தில் ஒரு பங்கும் இலர். "பெரும்பான்மையோர் மொழியே ஆட்சிமொழி" என்று அறிவித்திருந்தால் தடுப்பார் யார்? ஆனால், அவ்வாண்டு திசம்பரில் இயற்றிய சட்டம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஆட்சிமொழி என்றது.

அது வானத்திலிருந்து விழுந்த வரமன்று. 1929 இறுதியில் பெரியார் அங்குச் சென்று விதைத்தார். கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' கண்டார், ஐம்பதுகளில், "குடியுரிமை பெறுங்கள்!" என்று கூலித் தமிழனைத் தட்டி எழுப்பினார். கேட்கும் வாய் இருந்தது, கிடைத்தது.

பெருமிதத்தோடு நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "நம் ரூபாய்த் தாளிலே தமிழ் இருக்கிறதே, ஐயா!"

உண்மைதான். பதினைந்து மொழிகளின் வரிசையில் ஒடுங்கி நிற்கிறது. தாளிலே இருப்பது வேறு, ஆட்சியிலே இருப்பது வேறு என்று விளக்கினேன். சரியான விடைதான். ஆயினும், அவ்விடையே என்னைத் திருப்பித் தாக்கிற்று. சிங்கப்பூரிலே தமிழ் ஆட்சியில் இருந்தும், தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாய் ஒழிந்தன. உமறுப்புலவர் உயர்நிலைப்பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. பூட்டியது பகைவனா? பிழைப்புக்கு ஆங்கிலமே வழி என்றெண்ணிய பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை, மாணவரின்றி மடிந்தது.

அப்பெற்றோரைப் பழிக்க எனக்கு ஏது தகுதி? என் தமக்கை மகளை ஆங்கில வழி வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பித் தந்தவன் நான். "தமிழ் எங்கே போய்விடும் அக்கா? வீட்டிலேயே வந்துவிடும்" என்றவனும் நானே! மேடையில் முழங்கும் நா, வீட்டிலே அப்படிப் பேசிற்று.

நாணயத்தை இரவல் பெற்று, ஞாயிறன்று தமக்கை வீட்டிற்குச் சென்றேன். "இதைப் படி, கண்ணே" என்றேன். ஆங்கில எழுத்துகளை மளமளவெனப் படித்தாள். தமிழைச் சுட்டினேன்.

"சி..." என்று தொடங்கியவள், அடுத்த எழுத்து தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் செல்கிறேன், பலகையும் சுண்ணக்கட்டியுமாக.