ஏரிப் படகில் கடலோரம்

புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகர், 1565 செப்டம்பர் 8, தேவமாதாவின் பிறந்தநாளன்று ஸ்பானியர் திருப்பலி கண்ட கரை. அன்பர் ஒருவர் தம் ஏரிப் படகில் என்னை அங்கு அழைத்துச் சென்றார். அலுமினியக் குழல்களின்மேல் தளம் பரப்பிய மிதவைப் படகு அது. ஏரியில் கட்டில்போல் அசையாதாம்.

விலானோவிலிருந்து தெற்கே செல்லுங்கால் இடப்புறம் கடல்வாய் திறந்தது. குறுக்கே வந்த அலை தாழ்ந்த தளத்தின்மேல் ஏறிற்று. ஜெபமாலையைப் பற்றினேன். அன்பரோ வேகத்தைக் குறைத்து, அலையைச் சாய்வாக எதிர்கொண்டு கடந்தார். வலப்புறம் 1966இல் நாட்டிய 208 அடிச் சிலுவை நிமிர்ந்து நின்றது. அருகே பாலூட்டும் அன்னையின் சிற்றாலயம். படகிலிருந்தே செபித்தோம்.

கரையேறியதும் குழல்களை நன்னீரால் நெடுநேரம் கழுவினார். உப்பு அலுமினியத்தை அரிக்குமன்றோ! கடலுக்கென்று பூட்டிய துத்தநாகத் தகட்டையும் காட்டினார். தான் கரைந்து குழலைக் காக்குமாம். பிரசங்கத்துக்கு உதவும் என்று குறித்துக்கொண்டேன்.